மாடி அறையில் யாரோ இருக்கிறார்கள்

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகும் அந்த ஆண்டு வெக்கை குறையவில்லை. தெற்குவாசலை ஒட்டிய ஒரு தெருவில், மாடியில் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட வீடுகளாகப் பார்த்து, சோப்பு டப்பா அளவில் ஒரு கருவியை வீட்டுக்கு ஒன்றாக மாட்டியிருந்தோம். அறைக்குள் எவ்வளவு சூடு, காற்றில் எவ்வளவு ஈரம் என்று இரண்டே சங்கதிகளை அது என் செல்போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நான் அந்தப் போனைக் கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஐயர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதுகூட, வேதாகமத்துக்கு அடியில் வைத்து ஒரு முறை பார்த்துவிடுவேன்.

வெக்கையை ஆராயும் எங்கள் குழுவில் நிறையப் பேர் பல ஊர்களில் இருந்தார்கள். மதுரையில் இருந்தது மூன்று பேர். திருப்பரங்குன்றம் போகும் சாலையில் ஒரு கல்லூரியின் பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதில் பாதியை அண்ணனின் மண் அடைத்திருந்தது. மேலூர்ப் பக்கம் கண்மாய்களில் குழாயை இறக்கி அடிச்சேற்றை எடுத்துவந்து, எந்தக் காலத்தில் மழை பொய்த்தது, எந்தக் காலத்தில் வெள்ளம் வந்தது என்று படிப்பவர் அவர். எனக்கு இரண்டு வயது மூத்தவர், அதனால் அண்ணே. ஜன்னலோர மேசை கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண்ணுடையது. இன்னும் ஒரு தலைமுறை கழித்து இந்த ஊர் எப்படிக் காயும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவள் வேலை. நடுவில் நான். இன்றைக்கு, இப்போது, வெயில் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்பவள்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. கருவியை மாட்டும்போது, தண்ணீர் குடியுங்கள், வயதானவர்களையும் பிள்ளைகளையும் மாடியில் படுக்க வைக்காதீர்கள் என்று எல்லா வீட்டிலும் ஒரு முறை எடுத்துச் சொல்வது. அதற்குப் பிறகு கோடை முடியும்வரை வாயைத் திறப்பதில்லை. ஜன்னலைத் திற, கூரைக்குச் சுண்ணாம்பு அடி என்று போய்ச் சொல்லிக்கொண்டிருந்தால், அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமலே போய்விடும். நாங்கள் குறுக்கிடாத ஒரு கோடையின் அளவுகள் வேண்டும் என்று கோயம்புத்தூர்ப் பெண் கேட்டாள். கேட்டது நியாயம். நாங்கள் ஒத்துக்கொண்டோம்.

தெருவின் கடைசியில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்காரர் வீட்டின் முன்பகுதியிலேயே சேலை வியாபாரம் செய்தார். மாடி அறையில் சேலைக் கட்டுகளைத்தான் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆள் படுக்காத அறை ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று அந்த வீட்டம்மாவிடம் கேட்டு அங்கேயும் ஒன்றை மாட்டினேன். “துணிக்குமா மேடம் காய்ச்சல் பாக்குறீங்க?” என்று அவர் சிரித்தார்.

ஆள் இல்லாத அறை தினமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். உச்சி வெயிலில் சூடு ஏறும், காற்றில் ஈரம் குறையும். அந்த வாரம் அந்த அறையில் மட்டும் ஈரம் குறையவில்லை. காலையில் ஒரு தரம் சட்டென்று எகிறியது. பிறகு மதியத்திலும் இறங்காமல் அப்படியே நின்றது. கருவி கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

“துணி காயப் போட்டிருப்பாங்கக்கா,” என்றாள் கோயம்புத்தூர்ப் பெண்.

“துணின்னா மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்ல. இது காயவே இல்ல.”

“அப்ப?”

“யாரோ உள்ள இருக்காங்க. மூச்சு விடுறாங்க.”

சொன்ன பிறகு சூட்டின் அளவைப் பார்த்தேன். சூடு நாற்பதைத் தாண்டி நின்றது. வீட்டுக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரர் எடுத்தார். “ஒண்ணுமில்ல மேடம், எல்லாரும் நல்லாருக்கோம், கடையில ஆள் நிக்குது,” என்று வைக்கப் போனார். வைப்பதற்கு முன்னால் எங்கோ தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. பூனைக்குட்டி மாதிரி மெலிதாக. பூனை இல்லை.

நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். கோயம்புத்தூர்ப் பெண் எழுந்து நின்றாள். அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் அவளுக்கும் பயம், வேறு பயம்.

“அக்கா, நீங்க ஒரு வீட்டுக்குப் போனா தெரு முழுக்கத் தெரிஞ்சுரும். எல்லாரும் ஜன்னலத் தொறந்துருவாங்க. இந்த வருசம் போச்சுன்னா அடுத்த கோடைவரைக்கும் ஒண்ணும் இல்ல. இந்த ஊருக்கு என்ன வரப்போகுதுன்னு எத வச்சுச் சொல்றது?”

அண்ணன் மண் குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஏம்மா, எஞ்சேத்துலயும் பஞ்சம் இருக்கு. அதுல செத்தவங்களுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஒனக்கு அந்தச் சாக்கு கிடையாது. கெளம்பு.” அவர் எரிச்சலாகத்தான் சொன்னார். யார்மீது எரிச்சல் என்று தெரியவில்லை.

கத்திரி வெயிலில் பழங்காநத்தம் தாண்டி வருவதற்குள் கைப்பிடி சுட்டது. வழியெல்லாம், போய் என்ன சொல்வது என்றே யோசித்தேன். வீட்டம்மா வாசலில் என்னைப் பார்த்ததும் முகம் மாறினார்.

“அக்கா, மாடியில யாரு இருக்கா?”

“யாரும் இல்லையே. சேலைதான்.”

“பிள்ள அழுத சத்தம் கேட்டுச்சு அக்கா.”

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மக பிரசவத்துக்கு வந்திருக்கா. பிள்ள பொறந்து ஒரு வாரந்தான் ஆகுது. கீழ சேல எடுக்க நூறு பேர் வந்து போறாங்க, கண்ணு படும். அதான் மேல,” என்றார்.

“மேல ரொம்பச் சூடா இருக்கு.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

மேலே போக அனுமதி கேட்டேன். அவர் முன்னால் ஏற, நான் பின்னால் ஏறினேன்.

கதவைத் திறந்ததும் சாம்பிராணியும் வெக்கையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. ஜன்னலை அடைத்துத் துணி செருகியிருந்தார்கள். மின்விசிறி இருந்தது, ஓடவில்லை. சேலைக் கட்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுப் பாய் போட்டிருந்தார்கள். பாயில் அந்த வீட்டு மகள், காதில் பஞ்சு, தலையைச் சுற்றித் துண்டு, கழுத்தெல்லாம் வேர்வை. மடியில் குழந்தை. கம்பளிக் குல்லாவும் காலுறையும் போட்டு, மேலே ஒரு துணியும் சுற்றியிருந்தது.

“காலையில இருந்து சரியாப் பால் குடிக்கல,” என்றாள் அவள். “தூங்கிட்டே இருக்கான்.”

குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது அறையின் சூடு மட்டும். அந்தப் பிஞ்சு உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது தெரியாது.

“அக்கா, பிள்ளையக் கீழ கொண்டு போகலாம். டாக்டர்ட்ட காட்டிருவோம். ஃபேனாவது போடுங்க.”

“பச்ச ஒடம்பு மேடம். காத்து பட்டா ஜன்னி வந்துரும். எனக்கும் இப்படித்தான் பாத்தாங்க. எம் பிள்ளைங்க நல்லாத்தான இருக்கு?”

“அப்ப இம்புட்டு வெயில் இருந்துச்சா அக்கா? அப்ப ஓட்டு வீடா, தகரமா?”

கீழேயிருந்து வீட்டுக்காரர் ஏறி வந்தார். அவர்கள் தங்கள் மொழியில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவர் கை என்னைக் காட்டியது, பிறகு சுவரிலிருந்த கருவியைக் காட்டியது. வீட்டம்மாவின் குரல் ஏறியது. நான் மூலையில் நின்று குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிய வயிறு மறுபடி ஏறுவதற்குள் என் உயிர் போய்ப் போய் வந்தது.

முடிவெடுத்தது அந்த மகள்தான். காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டாள். குல்லாவைக் கழற்றினாள். அம்மாவிடம் அவர்கள் மொழியில் ஏதோ ஒன்று சொன்னாள், ஒரே ஒரு வரி. பிறகு என்னைப் பார்த்து, “ஆட்டோ கூப்பிடுங்கக்கா,” என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். குழந்தையை யாரிடமும் கொடுக்கவில்லை.

குழந்தைகள் டாக்டர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். பார்த்தவுடன் துணியையெல்லாம் எடுக்கச் சொல்லி, உடம்பை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சேர்த்தார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார்கள். வேறு நோய்த்தொற்று இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள். நானும் வீட்டம்மாவும் வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் பக்கம் திரும்பாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நர்ஸ் வெளியே வந்து, “பால் குடிக்கிறான்,” என்றதும் அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அப்போதும் என் பக்கம் திரும்பவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டான். சில நாளில் வீட்டுக்கு வந்தான், கீழ் அறைக்கு. என் கவலை அதோடு தீரும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த முறை தெருவுக்குப் போனபோது வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பால் வாங்கி வந்த ஒரு அக்கா நேராகவே கேட்டுவிட்டார்: “அந்தப் பொட்டி வீட்டுக்குள்ள யாரு இருக்கா, இல்லங்கிறதக் காட்டுதாமே?”

“அப்படி இல்ல அக்கா. சூடும் ஈரமும்தான்.”

“அத வச்சுத்தான கண்டுபுடிச்சீங்க? அப்ப ராத்திரி எம் புருசன் வந்தாரா வரலையான்னும் தெரியும்ல?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் திறந்தேன், முடியவில்லை. உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒருவர் படுத்த அறைக்கும் இருவர் படுத்த அறைக்கும் வித்தியாசம் உண்டு. அப்படி நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அன்று பாதிப் பேர் கருவியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். சேலைக்கடை வீட்டம்மா தன்னுடையதை ஒரு துணிப்பையில் போட்டு, மகன் மூலமாகக் கொடுத்தனுப்பினார்.

பையோடு அறைக்குப் போய் மேசையில் கொட்டினேன். கோயம்புத்தூர்ப் பெண் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள்.

“அந்தப் பையன் எப்படி இருக்கான்?”

“நல்லாருக்கானாம்.”

“நான் துணின்னு சொன்னேன்ல,” என்றாள்.

அந்தக் கோடை எங்கள் ஆராய்ச்சிக்கு உடைந்த கோடைதான். வெளியூர்க் குழுக்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் சரியென்றார்கள், சிலர் மழுப்பலாகப் பேசினார்கள். நாங்கள் ஒப்பந்தத்தை மாற்றினோம். அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் அந்த வீட்டுக்கு உடனே போன் போடுவது, எடுக்காவிட்டால் நேரில் போவது. கருவியால் வேறு என்னவெல்லாம் தெரியக்கூடும் என்பதையும் மாட்டும்போதே சொல்வது. அதைக் கேட்டுச் சிலர் வேண்டாம் என்கிறார்கள். சொல்லாமலும் இருக்க முடியாது.

இப்போது வேறு தெருக்களிலும் மாட்டியிருக்கிறோம், வண்டியூர்ப் பக்கம்கூட. பங்குனி பிறந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. போன் போட்டு யாரும் எடுக்காத மதியங்களில் பாதி, அவர்கள் தெப்பக்குளத்துப் பக்கம் காற்று வாங்கப் போயிருப்பார்கள். திரும்பக் கூப்பிட்டு, “என்ன மேடம், இன்னும் உசுரோடதான் இருக்கோம்,” என்று கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன்.

எங்கள் கருவி இல்லாத வீடுகளுக்கு யார் போன் போடுவது? பஸ் மேம்பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் தகர மாடிகள் தெரியும். அடைத்த ஜன்னல்களாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். போன வாரம் ஒரு மாடியைப் பார்த்துவிட்டு மனசு கேட்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் திறந்தார். மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வாடகைக்கு விடுறதில்லம்மா,” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.