அம்மா படித்த கடைசி வரி

தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் பெண் எழுத்துப் பலகையைக் குச்சியால் தட்டி, “கடைசி வரி படிங்க மேடம்” என்றாள். அந்தச் சத்தம் என்னைத் திருத்துறைப்பூண்டிக்கு இழுத்துப்போனது.

அங்கே ஒரு கண் கிளினிக்கில் அம்மா இருபது வருடம் இதே குச்சியைப் பிடித்தாள். வீட்டுக்கு வரும்போது சேலையில் ஸ்பிரிட் வாடை அடிக்கும். அரிசியில் கல்லை விரலால் தடவித்தான் பொறுக்குவாள். அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன். இலவச முகாமில் ஊரையே பார்த்து முடித்த பிறகு, டாக்டர் பையை மூடிக்கொண்டே, “நீயும் படிச்சிடும்மா” என்பார். அம்மா ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பாள். “உனக்கென்ன, கழுகுக் கண்ணு!” என்று சிரிப்பார் டாக்டர்.

கிளினிக்கின் வெள்ளிவிழா மேடையில் அவர் பொன்னாடையை நீட்டினார். அம்மா ஒரு முழம் தள்ளி வெறும் காற்றில் கையை நீட்டினாள். கூட்டம் கைதட்டியது. பத்து வயதில் நானும் தட்டினேன். பலகையை அவள் நெட்டுருப் போட்டிருந்தாள், பார்வையில் பாதி எப்போதோ போயிருந்தது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

“ஏம்மா, உன் கண்ண யாராச்சும் பாத்திருக்காங்களா?” என்று குச்சியோடு நின்ற இந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“டாக்டரே பாத்தாரு மேடம். எல்லா வரியும் ஒரே மூச்சுல படிச்சிட்டேன்” என்றாள் பெருமையாக.