புளி போட்டுத் தேய்த்த எகிப்துப் பூனை

1934-ஆம் வருடம் அக்டோபர் 15, திங்கட்கிழமை. பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். மதுரையில் காலையிலிருந்தே தூறல். அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு. நகரத்து வாசகசாலை ஒன்றின் மாடியில் ஒற்றை அறையில் சின்னக் காட்சிச்சாலை இருந்தது. அதற்கு நான்தான் பொறுப்பு. பெரிய படிப்பெல்லாம் இல்லை. பொருளை அளப்பேன், எண் போடுவேன், பதிவேட்டில் எழுதுவேன், சனிக்கிழமைதோறும் எண்ணிச் சரிபார்ப்பேன்.

அங்கே எகிப்துப் பொருள்கள் முப்பத்தேழு இருந்தன. நீலப் பூச்சுக் களிமண் பொம்மைகள் மட்டும் பத்தொன்பது. எல்லாம் ஊரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர் கொடுத்தவை. அவருடைய தம்பி எகிப்துத் துறைமுகத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். கிடைத்த காசில் பழம்பொருள்களாக வாங்கி வைத்திருந்திருக்கிறார். காய்ச்சலில் அவர் அங்கேயே இறந்துபோக, பெட்டி மட்டும் கப்பலில் வந்தது. வெள்ளிதோறும் தொழுகை முடிந்ததும் ராவுத்தர் மாடியேறி வந்து, பதினான்காம் எண் பொருளின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். அது ஒரு சாண் உயர வெண்கலப் பூனை. இரண்டாயிரத்து ஐந்நூறு வயது இருக்கும் என்றார்கள். கழுத்தில் ஐந்து சரம் மாலை செதுக்கியிருந்தது. உடம்பெல்லாம் பச்சை.

மறுநாள் நிர்வாகக் குழு பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அறையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் சிப்பந்தி அவனியாபுரத்துக்காரர், என் வயதுதான். பூனையைக் காட்டிச் சிரித்தார்.

“அண்ணே, இம்புட்டுக் களிம்போட ஒரு சொம்பு எங்க வீட்டுல இருந்துச்சுன்னா, எம் பொண்டாட்டி என்னையத் தெருவுல நிப்பாட்டிருவா.”

எனக்கு உறைத்தது. களிம்பேறிய பாத்திரத்தை விருந்தாளி முன் வைப்பது நம் வீடுகளில் எவ்வளவு பெரிய அவமானம்! அவர் கீழே போய்ப் புளியும் கல்லுப்பும் வாங்கி வந்தார். தேய்த்தது நான். நாற்பது நிமிடம் தேய்த்தேன். பூனை கார்த்திகைக்குத் துலக்கிய குத்துவிளக்காக மின்னியது. குழுவினர் பாராட்டினார்கள். வெள்ளிக்கிழமை ராவுத்தர் வந்து பார்த்துவிட்டு, “தங்கம் மாதிரில்ல இருக்கு தம்பி!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் ஒரு பொட்டலம் அல்வா அனுப்பினார். நானும் தின்றேன்.

தேய்த்த பத்தாம் நாள் காலையில் பூனையின் முதுகில் வெளிர்பச்சைப் புள்ளிகள் ஏழு. தொட்டால் மாவாக உதிர்ந்தது. துடைத்தேன். மறுநாள் பதினொன்று. பயந்துபோய்ச் சென்னையிலிருந்த ஒரு ரசாயன நிபுணருக்குக் கடிதம் எழுதிவிட்டு, பூனையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ராவுத்தர் வந்து கேட்டார். “அளவெடுக்க உள்ளே வைத்திருக்கிறேன்” என்றேன். அடுத்த வாரம், “படம் வரைகிறோம்” என்றேன். மூன்றாம் வாரம், “பீடம் செய்கிறோம்.” நான்காம் வாரம் சாவி காணவில்லை என்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

“எந் தம்பி மய்யித்து முகத்தைத்தான் கடைசியாப் பாக்கக் குடுத்து வைக்கல. அவன் வாங்குனதையாவது பாத்துக்கிறேனே” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். பதினெட்டுப் படி. கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார்.

அடுத்த புதன்கிழமை நிபுணர் வந்தார். இருபத்து நான்கு வயது இளைஞர். பூனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எதால தேச்சீங்க சார்?”

“துணியால்.”

“துணி இந்த வேலை செய்யாது. எங்க அம்மாவும் விளக்கு தேய்ப்பாங்க சார். புளி மட்டுமா, உப்பும் சேர்த்தா?”

“உப்பும்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பச்சையை அழுக்கு என்று நான் நினைத்தேன். அதுதான் பூனையின் தோல், அத்தனை காலமும் அதைக் காத்தது அதுதான் என்றார். புளி தோலைத் தின்றுவிட்டது. உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஈரக்காற்றுப் பட்டால் உள்ளிருந்தே அரிக்கும். இப்படியே விட்டால் பூனை பொடியாகிவிடும். காய்ச்சி வடித்த நீரில் சோடா கரைத்து அதில் ஊறவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். எடுத்த நீரில் கொஞ்சம் தனியே வைத்து, அவர் சொன்னபடி பக்குவம் செய்து, அவர் தந்த மருந்தில் ஒரு துளி விட வேண்டும். பால் போலக் கலங்கினால் இன்னும் உப்பு இருக்கிறது. தெளிவாக இருந்தால் பிழைத்தது. எத்தனை வாரம் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

கழுத்தைப் பார்த்தேன். ஐந்து சரத்தில் மூன்றுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை ராவுத்தர் வந்ததும் கண்ணாடித் தொட்டியில் கிடந்த பூனையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அல்வா தின்றதைக்கூடச் சொன்னேன். அவர் குனிந்து கண்ணாடி வழியே பூனையின் கழுத்தைப் பார்த்தார்.

“களிம்புன்னு தேச்சீக. நானா இருந்தாலும் தேச்சிருப்பேன். நாலு வாரம் எம் மூஞ்சியப் பாத்துச் சொன்னீகளே, அது எதுக்குங்க?”

அதுவரை என்னைத் தம்பி என்றே அழைத்தவர். அன்று அந்தச் சொல் வரவில்லை.

ஆனாலும் அடுத்த வெள்ளியும் வந்தார். அதற்கடுத்த வெள்ளியும் வந்தார். நான் துளி விடுவேன். கலங்கும். “போன வாரத்துக்கு இப்போது குறைவு” என்பேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி, குப்பியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தானே பார்ப்பார். என் வாய்ச்சொல்லை அவர் எடுத்துக்கொள்வதில்லை. மார்கழி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குள்ளும் அவர் வந்தார். நான் என் சம்பளத்தில் நீர் வாங்குவது தெரிந்து, பாதி தருகிறேன் என்றார் ஒருமுறை. வேண்டாம் என்றேன். வற்புறுத்தவில்லை.

1935 ஜூன் 7, இருபத்தொன்பதாம் வெள்ளி. வெளியே நல்ல வெயில். துளி விட்டேன். குப்பியை வழக்கம்போல அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி.”

மூன்று முறை பார்த்தேன். “தெளிவாக இருக்கிறது” என்றேன். தலையை ஆட்டினார். அல்ஹம்துலில்லாஹ் என்று மெல்லச் சொன்னார். அவ்வளவுதான்.

இப்போது எனக்கு எண்பத்து நான்கு. தூக்கம் வராதபோது பழைய கணக்குகளைக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். பலவற்றில் இன்னும் சந்தேகம் தீரவில்லை. இதில் மட்டும் இல்லை. காய்ச்சி வடித்த நீர் ஐம்பத்தெட்டு பாட்டில், பாட்டில் மூன்றணா. சோடாவுக்கு ஒன்றே கால் ரூபாயும் இரண்டணாவும். என் சொல்லை ஒரு மனிதர் மறுபடி நம்புவதற்கு எனக்கு ஆனது, இருபத்தொன்பது வெள்ளிக்கிழமைகளும் பன்னிரண்டு ரூபாய் நான்கணாவும்.