கண்ணாடிக்குத் தைத்த பேன்ட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில், நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் நடந்தது இது. பேன்ட் தைப்பது என்று யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்குக் கழுத்து நரம்பு புடைக்கும்.

என் கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்க்கிறார். அதற்கு முந்தைய வருடம் வடலூர் சாலையில் வண்டி சறுக்கி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து எலும்பு கூடிவிட்டாலும் இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அவரைக் கேட்டால் ஒரு நூலளவு என்பார். நான் பார்த்த வரையில் இரண்டு விரல் அகலம் இருந்தது.

கால் குட்டையானால் அந்தப் பக்கம் இடுப்பும் இறங்கிவிடும். பழைய யூனிஃபார்ம் பேன்ட்டைப் போட்டால் இடது பக்கம் சரிந்து நின்றது. இஸ்திரி மடிப்பு தொடையில் நேராகத் தொடங்கி, கணுக்காலுக்கு வருவதற்குள் உள்பக்கம் முறுக்கிக்கொண்டது. பஜார் டெய்லர் பார்த்துவிட்டு, "கீழ ஒரு மடிப்பு மடிச்சு அடிச்சா முடிஞ்சுதுங்க" என்று அடித்தும் கொடுத்தார். முறுக்கு அப்படியேதான் இருந்தது.

டாக்டர் அடுத்த மாதத்திலிருந்து லைட் டூட்டி போகலாம் என்று சொல்லிவிட்டார். இவர் மாட்டேன் என்றார். "இந்தக் கோலத்துல நான் ஷிஃப்ட் பஸ்ல ஏற மாட்டேன். மெடிக்கல் அன்ஃபிட்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டோட இருந்துடறேன்" என்று ஒரே பிடிவாதம். நாற்பத்தாறு வயது மனுஷன்! ஏற்கெனவே வாசல் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தார். யாராவது பார்க்க வந்தால் தூங்குகிறார் என்று என்னைப் பொய் சொல்லச் சொல்வார். வேலையையும் விட்டால் இவர் என்ன ஆவார்?

"சரி, நானே தைக்கிறேன்" என்று வாயை விட்டேன்.

அரை வைத்தியன் ஆவதற்கே ஆயிரம் பேரைக் கொல்ல வேண்டும் என்பார்கள். நான் என் ரவிக்கைகளைக் கொன்று தையல் பழகினவள். சுடிதார் வரைக்கும் வருவேன். பேன்ட் வேறு ஜாதி. அதுவும் இவருக்கு அளவுப் பேன்ட் வைத்து வெட்ட முடியாது. அவருடைய உடம்பையே அளந்து, பிரவுன் தாளில் கோடு போட்டு, புதிதாகப் பேப்பர் கட்டிங் செய்ய வேண்டும். போனில் வீடியோ பார்த்தேன். அதில் வருகிற ஆட்களுக்கெல்லாம் வயிறும் கிடையாது, இடுப்பும் கிடையாது. ஸ்கேல் பிடித்து வைத்த மாதிரி நிற்கிறார்கள்.

எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர். சாயங்காலமானால் காபி டம்ளரோடு வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்.

"ஏம்மா, பஜார்ல போர்டு மாட்டிகினு ஒக்காந்துகினு இருக்கிறவனாலயே முடியல. நீ இன்னா பண்ணப் போற?"

"அம்மி மிடுக்கா, அரைக்கிறவ மிடுக்கான்னு பாத்துடலாம்க்கா" என்றேன்.

அரைத்துப் பார்த்ததில் நான்தான் அரைபட்டேன். இவரை நிற்க வைத்து இடுப்பிலிருந்து தரை வரைக்கும் அளந்தால் வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே அளவு வந்தது! மறுபடி அளந்தேன். அதே அளவு. எனக்கே சந்தேகமாகிவிட்டது, ஒருவேளை எங்கள் கண்ணில்தான் கோளாறோ என்று. வந்த அளவை நம்பி, பழைய பெட்ஷீட்டில் ஒரு வெள்ளோட்டம் தைத்தேன். அச்சு அசலாக அதே சரிவு, அதே முறுக்கு. இன்னொரு பெட்ஷீட்டை வெட்டினேன். அதுவும் அப்படியே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்வார்கள். நானும் அளந்து அளந்துதான் போட்டேன், எல்லாம் ஆற்றோடுதான் போனது.

ஒரு நாள் காலையில் இவர் பின்கட்டில் நின்று, கூட வேலை பார்க்கிற சிநேகிதரிடம் போனில் புரமோஷன் பட்டியலைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். நான் அரிசி களைந்துகொண்டே பார்க்கிறேன். இடது குதிகால் தரையில் அழுந்தியிருக்கிறது, இடுப்பு அந்தப் பக்கம் நன்றாக இறங்கியிருக்கிறது. எனக்குச் சுரீர் என்றது. அடப்பாவி மனுஷா! டேப்பைக் கண்டால் மட்டும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு, இரண்டு காலும் சமம் என்று எனக்கே கணக்குக் காட்டியிருக்கிறார்!

ஈரக் கையோடு ஓடிப் போய் டேப்பை எடுத்து வந்து, பின்னாலிருந்தே அளக்க ஆரம்பித்தேன். இவர் பேச்சு சுவாரசியத்தில் முதலில் கவனிக்கவில்லை. "அவனுக்கு எப்புடிய்யா மொதல்ல குடுக்கலாம்?" என்று கத்தியவர், டேப் கணுக்காலைத் தொட்டதும் குனிந்து பார்த்தார். குதிகால் மெல்ல எழும்பியது.

"தூக்காதீங்க. தூக்குனீங்க, டேப்பால காலைக் கட்டிப் போட்டுடுவேன்" என்றேன். எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. "எங்கிட்டயே எதுக்குங்க இந்த வேஷம்?"

போனில் அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு குதிகாலைக் கீழே வைத்தார்.

சரியான அளவு கிடைத்துவிட்டது. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு துண்டும் தனித்தனியாக வரைந்தேன். அந்த வருடத்து யூனிஃபார்ம் துணியில் ஒரே ஒரு பேன்ட்டுக்குத்தான் மிச்சம் இருந்தது. சாமியைக் கும்பிட்டுவிட்டு வெட்டினேன். இரண்டு நாள் உட்கார்ந்து, ஜிப், பாக்கெட், பட்டி எல்லாம் வைத்து முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் தைத்ததில்லை.

இவர் போட்டுக்கொண்டு வந்து நின்றார். முன்னைவிட இரண்டு மடங்கு கோணல்!

இடது காலில் துணி செருப்புக்கு அடியில் மிதிபட்டது. வலது காலில் கணுக்கால் தெரிந்தது. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. துணியின் உள்பக்கத்தில் சாக்பீஸ் போட்டு வெட்டுவது என் பழக்கம். மற்றவர்களுக்கு என்றால் துணியை இரண்டாக மடித்து வெட்டுவோம். வலதும் இடதும் தானாக வந்துவிடும், எந்தப் பக்கத்தில் வரைந்தாலும் ஒன்றுதான். இதையோ ஒற்றைத் துணியில் தனித்தனியாக வெட்டினேன். உள்பக்கத்தில் வலது காலுக்கென்று வரைந்தது, திருப்பித் தைத்ததும் இடது காலாகிவிட்டது. துணியும் தீர்ந்துவிட்டது. மிஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

இவர் பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். "எனக்குத் தைக்கச் சொன்னா, கண்ணாடிக்குள்ள நிக்கிற ஆளுக்குத் தெச்சு வெச்சிருக்கியே" என்றார்.

"எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தாதீங்க" என்று சீறினேன்.

"இல்லம்மா, இரு. சொரங்கத்துல பெல்ட்டு ஒரு பக்கம் தேஞ்சுபோச்சுன்னா நாங்க கழட்டித் திருப்பிப் போட்டு ஓட்டுவோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தவரைப் பார்த்தால், பேன்ட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டிருக்கிறார். தையல் எல்லாம் வெளியே. இரண்டு பாக்கெட் பையும் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்குகின்றன. ஆனால் இடுப்புப் பட்டி கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு காலும் செருப்பின் மேல் அளவாக வந்து நிற்கின்றன!

அந்த நேரம் பார்த்துத்தானா அக்கா டம்ளரோடு உள்ளே வர வேண்டும்?

"இன்னா சார் இது, வெள்ளாட்டுக் காது மாரி ரெண்டு பக்கமும் தொங்குது!"

இவர் அறைக்குள் ஓடி ஒளிவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. அக்கா முன்னால் நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "காதை விடுங்கக்கா. காலைப் பாத்துச் சொல்லுங்க, சமமா இருக்கா?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "நூல் புடிச்ச மாரி இருக்கு சார்" என்றார், கேலி இல்லாமல்.

அன்றைக்கு இவரே பிளேடை எடுத்து, என் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். உள்பக்கம் வெளியே வரும்படி முழுப் பேன்ட்டையும் மறுபடி தைத்தேன். நிறம் லேசாக மங்கல். வலது பக்கம் இருக்க வேண்டிய பின் பாக்கெட் இடது பக்கம் போய்விட்டது. பாக்கெட் வாய்க்காகத் துணியில் போட்ட வெட்டை நகர்த்த முடியாதே! பர்ஸை வைக்க வலது பக்கம் தடவிவிட்டு, "தெச்சிருக்கா பாரு" என்று முணுமுணுப்பார்.

முதல் நாள் டூட்டிக்குக் கிளம்பியபோது நான் கேட் வரைக்கும் போனேன். தெருவோடு நடந்து போனார். நொண்டி நொண்டித்தான் போனார். தெருமுனையில் இவரை மறித்து ஒருவர் நலம் விசாரித்தார். இவர் நின்று, இரண்டு குதிகாலையும் தரையில் வைத்துப் பேசிவிட்டு, பஸ்ஸில் ஏறினார்.

அந்த நாட்களில் நான் பட்ட எரிச்சலை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. ஆனாலும், விட்டுவிட மனமில்லாத ஒருவரிடம்தான் மனுஷிக்கு அவ்வளவு எரிச்சல் வரும் என்பதை அந்த ஒரு பேன்ட்தான் எனக்குப் புரியவைத்தது.