ஈரல் வளர்க்கும் மருந்தும் என் தம்பியும்

அன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பின்னலை முடித்து முகத்தை என் பக்கம் திருப்பியபோது அவள் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டுத் தறியில் ஏறியிருந்தது மாம்பழ மஞ்சள் பாவு நூல். சாயம்தான் கையிலிருந்து கண்ணில் பட்டிருக்கும் என்று முந்தானை நுனியை நனைத்துத் துடைத்தேன். "எரியுதும்மா" என்றாள். இன்னொரு முறை துடைத்தேன். மஞ்சள் போகவில்லை. மறு கண்ணின் இமையை விரித்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே இருந்தது. அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். இன்றும் அவள் தூங்கி எழுந்து வரும்போது நான் முதலில் பார்ப்பது அவள் கண்களைத்தான். என்னால் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அதற்குச் சில நாட்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம் அவள் வாந்தி எடுத்தாள். பூண்டே போடாமல் சமைத்த நாளில் அந்த வாந்தியில் பூண்டு வாசனை அடித்தது வித்தியாசமாக இருந்தது. தெருமுனை டாக்டர், வெளியில் ஏதாவது தின்றிருப்பாள் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தோசை கேட்டாள், தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடினாள். நான் வரதராஜப் பெருமாளுக்குத் துளசி மாலை சாத்திவிட்டு வந்தேன். அந்த நல்ல நாட்களில்தான் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருந்தது என்று பின்னால் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுப்பவள், படித்தவள். என் கண்ணெதிரில் சிரித்து விளையாடிய பிள்ளையைப் பற்றி எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

என் தம்பி அப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவன். உடம்பில் ஈரல் மட்டும் வெட்டினாலும் திரும்ப வளரும் என்பான். ஈரலுக்கு அடிபட்டதும் உடம்பு ஒருவகைப் புரதத்தைச் சுரக்குமாம். வளரு, பெருகு என்று ஈரலுக்குச் சொல்வது அந்தப் புரதம்தானாம். சில இரசாயனச் சேர்மங்களைக் கொடுத்தால் அந்தப் புரதம் இன்னும் அதிகமாகச் சுரக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் அவன் வேலை. விடுமுறைக்கு வந்து சாப்பிட உட்காரும்போது இதையெல்லாம் சொல்வான். என் வீட்டுக்காரர் தறியில் இருந்தபடியே கிண்டல் செய்வார். "எலிய எப்படிடா ஒழிக்கறதுன்னு நாங்க தவிச்சிக்கினு இருக்கோம். நீ என்னடான்னா அதுக்கு ஈரல் வளத்து வுடற."

"நீங்க ஒழிங்க மாமா, நான் வளக்கறேன். ரெண்டு பேருக்கும் பொழப்பு ஓடணும் இல்ல?" என்பான் அவன்.

எலித் தொல்லை எங்களுக்கு விளையாட்டு விஷயம் இல்லை. பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுவதால் அந்த ருசிக்கு எலி வரும். ஒரு ராத்திரி கடித்தால் போதும், பாவு வீணாகிவிடும். அதனால் தறி இருக்கும் வீடுகளில், நெய்பவர் கால் வைக்கும் தறிக்குழி ஓரமாக எலிக்கு விஷம் வைப்பது வழக்கம். வைப்பவர் அதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். சொன்னால் எலிக்குக் கேட்டுவிடும், பிறகு தொடாது என்று ஒரு நம்பிக்கை. வைத்த அன்று எலி என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள், கண்ஜாடைதான். கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். பிறகு பழகிவிட்டது.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் மகளைச் சேர்த்த அன்று தம்பி ஓடி வந்தான். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னான். பூண்டு வாசனை என்றதும் அவன் முகம் மாறியது. சுவரோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரரிடம் போனான்.

"மாமா, தறிக்குழிகிட்ட ஏதாவது வெச்சீங்களா?"

அவர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தேங்காய்ச் சில்லுல பேஸ்டு தடவி வெச்சேன்பா. காலையில பார்த்தா இல்ல. அதுதான் எடுத்துக்கினு போயிருக்கும்னு..." என்றார். அந்த நிலையிலும் அவர் எலி என்று சொல்லவில்லை. யார் காதில் விழுந்துவிடும் என்று அந்த மனிதர் அங்கே குரலைத் தாழ்த்தினார்? அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. என் மகளுக்குத் தேங்காய் என்றால் உயிர். அதைத் தொடாதே என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். பூண்டு வாசனை அடிக்கும் இந்த எலி விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, ஈரல் தானாக மீண்டால் பிழைப்பாள், மீளாவிட்டால் தங்கள் கையில் எதுவும் இல்லை. அதைக் கேட்டதும் எனக்குத் தம்பியின் மருந்துதான் நினைவுக்கு வந்தது. அவனை மாடிப்படி ஓரம் இழுத்துக்கொண்டு போனேன்.

"உங்கிட்ட இருக்குது இல்ல, ஈரல வளர வெக்கிற மருந்து? அதைக் கொண்டாடா."

"அது மருந்து இல்லக்கா. மருந்தாகுமான்னு பார்த்துக்கினு இருக்கோம். மனுஷங்களுக்கு யாரும் குடுத்ததே இல்ல. எலியிலயே சிலது பொழைச்சுது, சிலது செத்துச்சு."

"எலிக்கு வெச்சதைத் தின்னுட்டுதானே என் பொண்ணு கெடக்கறா. எலிக்குக் குடுக்கறதையே அவளுக்கும் குடு."

அவன் கண் கலங்கியது. ஆனால் மறுத்துத் தலையசைத்தான். "எலிக்கு வெச்சதை ஒரு தடவை தின்னுட்டாக்கா. ரெண்டாவது தடவை என் கையால குடுக்க மாட்டேன்."

"அப்ப என் மூஞ்சியில முழிக்காத" என்றேன்.

மறுநாள் கொஞ்ச நேரம் அவனைக் காணோம், ஆனால் திரும்பி வந்துவிட்டான். வார்டுக்கு வெளியே பெஞ்சில் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தான். நான் கதவைத் திறந்து வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பான். நான் எங்கோ பார்த்தபடி அவனைத் தாண்டிப் போவேன். உள்ளே மகள் என்னை அடையாளம் தெரியாமல் உளறினாள், பிறகு பேச்சும் நின்றது. ஒரு நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். ரத்தப் பரிசோதனை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ஈரல் தானாகவே வளரத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு மகளிடம் மஞ்சள் காமாலை என்றுதான் சொன்னோம். தெருவுக்கும் அதையே சொன்னோம். அதன் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் வைப்பதில்லை. பூனை வளர்க்கிறோம். தம்பியோடு நான் மறுபடி பேசத் தொடங்க நெடுநாள் ஆனது.

போன மாதம் செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி வந்தது. ஈரல் வளர்ச்சிக்கான புரதத்தைச் சில இரசாயனச் சேர்மங்கள் தூண்டக்கூடும் என்று எங்கோ வெளிநாட்டில் கண்டிருக்கிறார்களாம். தம்பி இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் பேப்பரை அவனுக்காக எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை வந்தபோது காட்டினேன். "உன் வேலைதாம்பா வந்திருக்குது" என்றேன்.

படித்துவிட்டு மடித்து வைத்தான். "நாங்க பார்த்த மருந்தைப் பாதியிலேயே விட்டுட்டாங்கக்கா. பொழைச்ச எலிங்களுக்கெல்லாம் பின்னாடி ஈரல்ல கட்டி வந்துச்சு" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், "அன்னிக்கு அது என் பையிலதான் இருந்துச்சு" என்றான்.

எனக்கு விளங்கவில்லை.

"நீ கேட்ட மறுநாளே லேபுக்குப் போய் எடுத்தாந்துட்டேன். மடியிலயே வெச்சிக்கினு இருந்தேன். ஒவ்வொரு தடவை நீ கதவத் தொறக்கும்போதும் இப்ப கேப்பே, இப்ப கேப்பேன்னு பார்ப்பேன். இன்னொரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேன்க்கா."

மருத்துவம் தெரிந்தோ பொறுமையாலோ நான் கேட்காமல் இருக்கவில்லை. அவன் மேல் இருந்த கோபத்தில் அவனோடு பேசவில்லை, அவ்வளவுதான். அந்தக் கதவுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் எத்தனை முறை நடந்திருப்பேன். ஒரு முறை மனம் இளகியிருந்தாலும் கேட்டிருப்பேன்.

மகள் காபி கொண்டுவந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துக்கினு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லடா. உங்கம்மா ஒரு தடவை எங்கூடப் பேசாம இருந்தா. அதைப் பேசிக்கினு இருந்தோம்."

"எதுக்குப் பேசல?"

அவன் என்னைப் பார்த்தான். உள்ளே என் வீட்டுக்காரர் நெய்துகொண்டிருந்தார்.

"உக்காரு" என்றேன். "உனக்கு வந்தது காமாலை இல்ல. தறிக்குழிகிட்ட உங்கப்பா எலிக்குத் தேங்காய் வெச்சிருந்தாரு."

தறிச் சத்தம் நின்றது. நான் குரலைத் தாழ்த்தாமல் மேலே சொன்னேன்.