ஆறு வளைவுச் சொல்

ஏழாம் வகுப்பில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். கொடைக்கானலில் எங்கள் வீட்டிலேயே ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளியின் வாசிப்புப் போட்டியில் முதலாவதாக வந்தால் மேல்படிப்பு இலவசம். வராவிட்டால் ஏழாவதோடு சரி என்று அப்பா சொல்லிவிட்டார்.

போட்டிக்குக் கொடுத்த பத்தியில் ஒரு சொல் மட்டும் எனக்கு மசியவில்லை. ரெஸ்பான்ஸிபிலிட்டி. பொறுப்பு என்று அர்த்தம் மனப்பாடம்தான். ஆனால் அதை ஆறு அசையாக உடைத்து நாலாவதில் அழுத்த வேண்டும் என்றார் டீச்சர். நானோ ஆறிலும் அழுத்தினேன்.

அம்மாவின் தம்பி காய்கறி லாரி ஓட்டினார். விடிவதற்குள் மலையிறங்கி வத்தலக்குண்டு சந்தைக்குப் போய்விடும் வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அழுவதைப் பார்த்துவிட்டார்.

"இதுக்கா தாயி அழுவுற? ஆறு கொண்டை ஊசி வளைவுன்னு வச்சுக்க. மூணுல லேசா தொடு, நாலாவதுல நல்லா அமுக்கு. மத்த ரெண்டும் தானா எறங்கிரும்."

லாரியின் ரப்பர் பந்து ஹார்னை அப்படியே அமுக்கிக் காட்டினார். பிப் பிப் பிப் பாம் பிப் பிப். கூடவே சொன்னேன், சரியாக வந்தது. ஏபிசிடி தெரியாத மாமாவைப் பாராட்டத்தான் எனக்கு மனம் வரவில்லை.

போட்டியன்று காலை பத்து மணிக்கு என் முறை வந்தது. அந்த வரி நெருங்க நெருங்க என் வாசிப்பின் வேகம் குறைந்தது. அப்போது மேல் ரோட்டில் ஏதோ லாரி ஹார்ன் அடித்தது. மூன்று லேசாக, ஒன்று பலமாக, இரண்டு லேசாக. மறுபடியும் அதேபோல். ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். அதற்குள் நான் ஆறு வளைவும் இறங்கிவிட்டேன். முதல் பரிசு எனக்குத்தான். நல்ல நேரத்துக்கு ஒரு லாரி வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பரிசோடு வீட்டுக்குள் நுழைந்தால், அப்பா மாமாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். சந்தை முடிந்த பிறகு வண்டி போய்ச் சேர்ந்ததாம். பீன்ஸ் முழுக்க வதங்கி, முதலாளி மாமாவை வேலையை விட்டே நிறுத்திவிட்டாராம்.

"வெள்ளனே எறங்க வேண்டிய வண்டிய பத்து மணி வரைக்கும் மேலயே போட்டு வச்சிருக்கான், பொறுப்பத்த பய!"

"கண்ணசந்துட்டேன் மச்சான்" என்றார் மாமா, தலையைச் சொறிந்தபடி. பிறகு என் கையிலிருந்த பரிசைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தூங்குமூஞ்சி மாமா" என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

நாற்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இன்றும் அந்தச் சொல்லை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்கிறேன். அன்று எனக்கு உச்சரிப்பு மட்டும்தான் வந்திருந்தது. அர்த்தம் வேலையிழந்து எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.