சிலாம்பு இல்லாத நாற்காலி

எனக்கு மெஷினைக் கண்டு பயமில்லை. சிலாம்பைக் கண்டால்தான் பயம்.

என் மகளுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. போன வருடம் ஆசாரி ஒருவர் செய்து கொடுத்த பிளைவுட் நாற்காலியில் உட்கார்ந்து படம் வரைவாள். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். தூக்கிப் புரட்டிப் பார்த்தால் தொடையின் அடியில் பலகையின் சிலாம்பு ஏறிச் சீழ் வைத்திருந்தது. தினமும் குளிப்பாட்டியவள் நான்தான். அடியில் பார்க்கத் தோன்றவில்லை. அவளோ அத்தனை நாளும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நாற்காலியை உடைத்து அடுப்பில் வைத்தேன்.

வில்லியனூருக்கு வெளியே எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு சின்ன சிஎன்சி ரூட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் கொடுத்தால் அதுவே பலகையை அறுக்கும். டிப்ளமோ படித்த ஆசையில் வாங்கியது. பெயர்ப்பலகை வெட்டிக் கொடுப்பேன். அதில் ஓரம் பிசிறினால் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். அவள் உட்காரும் நாற்காலியில் எதை மறைப்பது?

ஆணியே இல்லாமல், பலகையில் பள்ளமாக வெட்டிய காடியில் மாட்டுகிற மாதிரி ஒரு நாற்காலி வரைந்தேன். முதல் வெட்டிலேயே அழுகை வந்தது. பலகையை வெட்டும் வழக்கமான பிட் தூளை மேலே வாரிக்கொண்டு வரும். வரும்போது பிளைவுட்டின் மெல்லிய மேல்தாளையும் சேர்த்துக் கிழித்துவிட்டது. ஓரமெல்லாம் பழைய பல்துலக்கி மாதிரி நின்றது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“தேச்சா போயிடும்டி. இன்னாத்துக்கு இப்புடி பயந்து சாவுற?”

“உங்களுக்குப் போயிடும். அவளுக்கு ஏறும்” என்றேன். அவர் டீ போடப் போனார்.

அடுத்து, தூளைக் கீழே அழுத்துகிற பிட் வாங்கினேன். வெட்டு விழும் இடமெல்லாம் டேப் ஒட்டினேன். அடிப்பக்கம் பிய்யாமலிருக்க, புதுப் பலகை ஒன்றை அடியில் வைத்து இறுக்கினேன். முதல் சுற்றில் மேல்தாளை மட்டும் கீறவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் இறக்கினேன். வெட்டு முடிகிற வரை மெஷினை நிறுத்தும் பட்டனிலேயே கையை வைத்திருந்தேன். சத்தம் கொஞ்சம் மாறினாலும் நிறுத்திப் பார்த்தேன். வெட்டிய துண்டு கழன்று துள்ளாமல் பிடித்துக்கொள்ள நாலு இடத்தில் வெட்டாமல் சின்னப் பாலம் விட்டிருந்தேன். அவற்றை உளியால் எடுத்து, அரம் போட்டுத் தேய்த்து, துண்டுகளைக் காடியில் மாட்டி நாற்காலியாக்கினேன்.

என் விரலை நான் நம்புவதில்லை. அது காய்த்துப்போன விரல். பழைய நைலான் புடவையில் ஒரு துண்டு கிழித்து ஓரமெல்லாம் இழுத்துப் பார்த்தேன். மயிரிழை அளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் நைலான் மாட்டிக்கொள்ளும். மூன்று முறை இழுத்தேன். எங்கும் மாட்டவில்லை. அப்படியும் மனசு ஆறாமல் நாலாவது முறையும் இழுத்துவிட்டுத்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்தேன்.

“அந்தத் துணிய குடும்மா” என்றாள். விளையாட்டாக ஓரத்தைச் சுற்றி இழுத்தாள். பிறகு குனிந்து, இருக்கையின் முன்விளிம்புக்கு அடியில் விட்டு இழுத்தாள். கை நின்றது.

“மா, இங்க மாட்டுது.”

அவளை வாரித் தூக்கித் தொடையைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நாற்காலியைக் கவிழ்த்தேன். பாலத்தை எடுத்த இடம் ஒன்றில், அடிப்பக்கம், ஒரு நார் நீட்டிக்கொண்டிருந்தது. இந்த முறையும் நான் அடியில் பார்க்கவில்லை. என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உப்புத்தாளை எடுத்து, இருட்டும் வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தத் துணித்துண்டு இப்போது அவளுடைய பள்ளிப் பையில் இருக்கிறது. வகுப்பில் தன்னைப் பெஞ்சில் உட்கார வைப்பதற்கு முன்னால் இழுத்துப் பார்க்கிறாளாம், அடியிலும் விட்டு. “தினமும் என்னம்மா துடைக்கிற?” என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

“எனக்கு ஒண்ணும் வலிக்காது மிஸ். எங்கம்மாதான் பயப்படும்” என்றாளாம்.