தம்பியின் பெயரில் ஒரு கண்ணீர் அஞ்சலி

எதியோப்பிய ஓட்டக்காரர் இறந்துபோன செய்தியை, நான் புலம்பெயர்ந்து வாழும் கெல்சென்கிர்ச்சனில் வேலைக்குப் போகும் ட்ராமில் தொலைபேசியில் பார்த்தேன். பத்தாயிரம் மீற்றரில் ஒரு காலத்தில் அவரை முந்த ஆளில்லை. கடைசிச் சுற்று வரை பின்னால் நின்றுவிட்டு, பிறகு எல்லாரையும் தாண்டிப் போவார். அவரைப் பார்த்து ஓடப் பழகிய அவர் நாட்டு இளைஞர்கள் இன்றைக்கும் வென்றுகொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் தம்பி சொல்லித் தெரியும். நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத ஆள்.

தம்பி யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஓட்டக்காரன். அவருடைய படத்தைப் பேப்பரில் வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தான். பள்ளிக்கூட இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் அவரைப் போலவே பின்னால் நிற்பான். பல தடவை அப்படியே பின்னால் நின்று தோற்றும் போவான்.

வயது போன காலத்தில் அந்த ஓட்டக்காரர், நான் இருக்கும் கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்து நகரத்து மரதன் ஓட்டத்துக்கு வந்தார்.

"கட்டாயம் போய்ப் பாருங்கோ அண்ணை," என்று தம்பி தொலைபேசியில் சொன்னான்.

அந்த ஞாயிறு எனக்கு ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவும் வேலை. கேட்டிருந்தால் இரண்டு மணித்தியாலம் விட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை, சோம்பல்தான். பார்த்தேன் என்று தம்பியிடம் பொய் சொன்னேன்.

"என்ன நிறச் சப்பாத்து?"

"சிவப்பு," என்றேன். அதை அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தானாம்.

ஊரில் போரின் கடைசிச் சண்டையில் தம்பி காணாமல் போனான். அம்மா அவன் படத்துக்கு மாலை போட விடவில்லை. திவசமும் இல்லை. காணாமல் போனவர்களின் தாய்மார் வீதியோரத்தில் போட்டிருக்கும் போராட்டப் பந்தலில், அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இன்றும் போய் உட்காருகிறார். அவன் இனி வரமாட்டான் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒருநாளும் துணிவு வந்ததில்லை.

செய்தியைப் பார்த்த அன்று பின்னேரம் தமிழ்க் கடைக்குப் போனேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், கடைக் கண்ணாடியில் படத்தோடு கண்ணீர் அஞ்சலி ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் செத்ததாகவே கணக்கில்லை. கடைக்காரரே அச்சடித்தும் கொடுப்பார்.

"இவர் உங்களுக்கு என்ன முறை?"

"தம்பிக்கு வேண்டியவர்."

'எதியோப்பியாவைப் பிறப்பிடமாகக் கொண்ட...' என்று அவரும் முகம் மாறாமல் அடித்தார். "கீழ ஆரின்ர பேரைப் போட?"

தம்பியின் முழுப் பெயரைச் சொன்னேன். அவன் இருந்திருந்தால் அவன்தான் இதைப் போட்டிருப்பான். உண்மையைச் சொன்னால், அவன் பெயரை ஒரு தாளிலாவது அச்சில் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

யாரோ அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட, மூன்றாம் நாள் ஊருக்கே போய்விட்டது. அஞ்சலி செலுத்துகிறவன் உயிரோடு இருப்பவன்தானே என்று நினைத்த பக்கத்து வீட்டுக்காரர், ஓடிப்போய் அம்மாவிடம் காட்டியிருக்கிறார்.

அடுத்த நாள் காலையில் அம்மா தொலைபேசி எடுத்தார்.

"தம்பி அங்க வந்திட்டானோ? என்னட்டை ஏன் மறைச்சனி?"

பதினைந்து வருடத்துக்கு மேலாக அம்மாவின் குரலில் அப்படியொரு சந்தோசத்தை நான் கேட்டதில்லை. ஓம் என்று சொல்ல வாய் வந்தது. சிவப்பு என்று சொன்ன அதே வாய்.

"இல்லை அம்மா. நான்தான் அவன்ர பேரைக் குடுத்தனான்."

அம்மாவின் குரல் பழையபடி மாறியது.

"செத்தவீட்டு நோட்டீஸில என்ர பிள்ளையின்ர பேர் இருக்கக்கூடாது," என்றார் அம்மா. "இண்டைக்கே எடு."

வேலைக்குப் போகுமுன் கடைக்குப் போய் அதைக் கழற்றினேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் புதிதாக அடித்துத் தந்தார். அதன் கீழே, அந்த மனுசனை ஒருநாளும் நேரில் பார்க்காத என் பெயர் இருக்கிறது.

மத்தியானம் ஊரில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்து அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். வழமை போலத் தம்பியின் படத்தை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டார் என்றார்.